பேசாமல் தாண்டத் தெரியாதவர்

அவருக்கு ஒரு மனிதரைப் பேசாமல் தாண்டிப் போகத் தெரியாது.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் நான் வேலை பார்த்த நூல் கடைக்கு வெண்ணந்தூரிலிருந்து வருவார். தறிக்காரர். வண்டிப்பேட்டையில் இறங்கிக் கடைப்படி ஏறுவதற்குள் தெருவில் பாதிப் பேரை விசாரித்து முடித்திருப்பார். லாடம் கட்டுகிறவரிடம் மாடுகளைப் பற்றி, பொரிகடலைக்காரியிடம் அவள் மருமகளைப் பற்றி, தபால்காரரிடம் அவருடைய முழங்கால் வலியைப் பற்றி. கடைக்குள் வந்த பிறகும் நூல் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து விழுவதற்கு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஆகும்.

"நூலு வாங்க வந்தியா, ஊரு வம்பு வாங்க வந்தியாய்யா?" என்பார் முதலாளி.

"ரெண்டும் ஒரே கடையில கெடைக்குதுங்களே" என்று சிரிப்பார்.

ஒல்லியான ஆள். குடுமி, காதில் கடுக்கன். புருவத்தில் எப்போதும் பஞ்சு படிந்திருக்கும். தறிக்குழியில் உட்கார்ந்து பழகிய உடம்பு, நடக்கும்போதும் முன்பக்கம் கொஞ்சம் குனிந்தேயிருக்கும். எதிரில் வருகிறவரிடம் ஏதோ கேட்கப் போகிறார் என்று தோன்றும். பெரும்பாலும் கேட்கத்தான் செய்வார்.

இந்தக் குணத்தால் ஊரில் அவருக்கு ஒரு வேலை தானாகவே வந்து சேர்ந்திருந்தது. யார் வீட்டிலாவது சாவு என்றால், அதை உரியவரிடம் போய்ச் சொல்ல இவரைத்தான் அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியை வந்ததும் வராததுமாகப் போட்டு உடைக்க மாட்டார்கள். கேட்டுவிட்டால் பிணம் எடுக்கிற வரைக்கும் அடுப்பு எரியாது, யாரும் ஒரு வாய் சோறு உண்ண மாட்டார்கள். ஆகையால் செய்தி கொண்டு வந்தவர் முதலில் உட்கார வேண்டும். மழை தண்ணி எப்படி என்று கேட்க வேண்டும். குழந்தை குட்டிகளைக் கேட்க வேண்டும். எதிராளி சாப்பிட்டாரா என்று பார்த்து, இல்லையென்றால் சாப்பிட வைத்து, அவர் கை கழுவின பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும்.

அதை அவர் செய்து ஒரு தடவை நான் பார்த்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை உண்டு. வெளியூர்த் தறிக்காரர்கள் ராத்தங்குவது அங்கேதான். நானும் அங்கேதான் குடியிருந்தேன். ஒருநாள் காலையில், தங்கியிருந்த எடப்பாடிப் பையன் ஒருவனுடைய அண்ணன் இறந்துபோனதாக ஊரிலிருந்து ஆள் வந்தது. வந்த ஆள் வாசலிலேயே நின்றான். இவர் அவனை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, பையனை இட்லிக் கடைக்குக் கூட்டிப்போனார். என்னையும் கூப்பிட்டார். அங்கே அவர் பேசின பேச்சு! தறிக்குப் போட்ட பாவு நூல் மழையில் நனைந்துபோன கதை, மாமியார் வீட்டு விருந்தில் நாய் இலையை இழுத்த கதை. பையன் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டான். கை கழுவி வந்ததும் தன் துண்டை எடுத்து நீட்டினார். அவன் கையைத் துடைக்கும்போது துண்டின் மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு, "சாமி, இப்பச் சொல்றேன், கேட்டுக்க" என்றார்.

பையனை வண்டியேற்றி அனுப்பிவிட்டு வந்த பிறகு, "எப்படி அண்ணா சிரிச்சுப் பேச முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அவன் ஊரு போய்ச் சேரோணுமில்லீங்களா. வெறு வவுத்தோட எப்பிடீங்க போவான்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

*

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் மோகனூர்ப் பக்கத்துக் குடியானவன் மகன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். ஹைஸ்கூல் முடித்துவிட்டு, மில்களிலிருந்து கடைக்கு வரும் இங்கிலீஷ் கடுதாசிகளைப் படித்துச் சொல்லவும் பதில் எழுதவும் வேலைக்கு அமர்ந்திருந்தேன். 'தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம், தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்பதையெல்லாம் இங்கிலீஷில் வழுக்காமல் எழுதுவேன். ஆனால் ஒரு இங்கிலீஷ்காரரிடம் வாயைத் திறந்தது கிடையாது.

அந்த வருஷம் ஆவணியில் அவருடைய சம்சாரத்துக்கு வயிற்றில் கட்டி என்று சேலத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் கொண்டுவந்து சேர்த்தார். குழந்தைகளைத் தன் தாயாரிடம் விட்டுவிட்டு, எங்கள் கொட்டகையிலேயே தங்கினார். பகல் முழுவதும் ஆஸ்பத்திரித் தாழ்வாரம், இரவில் கொட்டகை.

ஆஸ்பத்திரியை நடத்தியது ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாள். நெட்டையான உருவம், நரைத்த தலை, ஆண்பிள்ளை போட்டுக்கொள்கிற மாதிரி பூட்ஸ். நடை என்றால் ஓட்டந்தான். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'வாயைத் திற', 'மூச்சு விடு', 'வலி இருக்கா' என்கிற அளவுதான். மீதியை ஆயா இங்கிலீஷில் கேட்டுத் தமிழில் சொல்லுவாள். டாக்டரம்மாள் தாழ்வாரத்தில் போகும்போது இவர் எழுந்து நின்று கும்பிடுவார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

இது இவரை வாட்டியது.

"ஏனுங்க சாமி, இங்கிலீசுல சும்மா பேசறது எப்பிடீங்க?" என்று ஒரு சாயங்காலம் கேட்டார்.

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதானுங்க. காரியமில்லாத பேச்சு. நோவு என்ன, மருந்து என்னங்கறதெல்லாம் ஆயா சொல்லீரும். எனக்கு வேண்டியது மத்தது."

"எதுக்கு அண்ணா?"

"என்றூட்டுக்காரி வவுத்த அறுக்கப் போறாங்க. அவங்களுக்கு அவ எந்த ஊருன்னு தெரியாது, எத்தன கொழந்தைன்னு தெரியாது. நாலு வார்த்த பேசிப் பழகின மனுசின்னா, கத்திய எடுக்கறப்ப 'அடடா, இது நம்ம வெண்ணந்தூர்க்காரி'ன்னு ஒரு நெனப்பு வருமில்லீங்களா? கை கொஞ்சம் பாத்துப் போகுமில்லீங்களா?"

அவர் நம்பிக்கை இதுதான். பேச்சு வார்த்தை உள்ள ஆளை யாரும் சாகவிட மாட்டார்கள். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மனைவியின் உயிர் தன் நாக்கு நுனியில் இருப்பதாகவே நினைத்தார்.

நான் படித்த எந்தப் பாடத்திலும் காரியமில்லாத பேச்சு இல்லை. கடைசியில் என் பழைய வாத்தியார் ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரர்கள் சந்தித்தால் முதலில் சீதோஷ்ணத்தைப் பற்றித்தான் பேசுவார்களாம். வெயில் நன்றாக அடித்தால் 'ஃபைன் டே' என்பார்களாம்.

"வெயிலடிச்சா நல்ல நாளா?" என்று அவர் முகத்தைச் சுளித்தார். "மழ பெஞ்சா?"

"மழை பெஞ்சா மோசமான நாள்னு சொல்லணும்."

"அடச் சண்டாளத்தே! கெணறெல்லாம் வறண்டு கெடக்கறப்ப வெயில நல்லதும்பாங்களா? எங்கூர்ல போயி அப்பிடிச் சொன்னா அடிக்க வருவாங்க சாமி. பாவமில்லீங்களா? வேற எதாச்சும் சொல்லுங்க."

எவ்வளவு சொல்லியும் வெயிலை நல்லது என்று சொல்ல மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. கடைசியில் 'டுடே வெரி ஹாட்' என்பதில் வந்து நின்றோம். அது உண்மையாகவும் இருந்தது, யாரையும் புண்படுத்தவும் இல்லை.

டாக்டரம்மாளிடம் போவதற்கு முன் வேறு யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை என்னை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே தொப்பி போட்ட ஒரு ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். இவர் முன்னால் போய் நின்று, ஒரு மூச்சு இழுத்து, "குட் மார்னிங் சார், டுடே வெரி ஹாட்" என்றார்.

"ஆமாய்யா, பொசுக்குது" என்றார் கார்டு நல்ல தமிழில். "பொகையிலை வச்சிருக்கியா?"

இவர் புகையிலையைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா சாமி, பலிச்சிருச்சு!" என்றார்.

*

அந்த அம்மாள், அவருடைய சம்சாரம், நல்ல வாய்க்காரி. வலியில் முகம் வெளுத்துப் படுத்திருந்தாலும் கேலிக்குக் குறைவில்லை. இவர் தலை வார்டு வாசலில் தெரிந்தால், "தொரை வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிங்க" என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லுவாள். "எனக்கு வவுத்துல கட்டி. இவுருக்கு வாயில கட்டி. பேசாட்டி ஒடஞ்சு போயிரும்."

"உனக்காகத்தான் பேசறனாக்கும்."

"எனக்காக எங்கூடப் பேசுங்களேன்."

முதல் நாள் 'வெரி ஹாட்'டுக்கு டாக்டரம்மாள் நின்றுகூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். பிறகு ஒருநாள் போகிற போக்கில், "யெஸ், வெரி" என்றாராம். அன்றைக்கு அவர் கொட்டகைக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். "பதில் சொல்லிட்டாங்க சாமி! ரெண்டு வார்த்த!"

அடுத்தபடியாக அவர் கேட்டது, 'சாப்பிட்டீங்களா' என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று. அதைக் கேட்காமல் ஒரு பேச்சு எப்படிப் பேச்சாகும் என்பது அவர் கட்சி. நானும் வார்த்தைகளைக் கோத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பத்து மணி ரவுண்டில் டாக்டரம்மாளை நிறுத்திக் கேட்டிருக்கிறார். டாக்டரம்மாள் விழித்தார். இந்த ஆளுக்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு தட்டில் ரொட்டி கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். இவர் கூச்சத்தில் சுருண்டு போனார். அப்புறம் ஆயா, "அது பசிச்சுக் கேக்கறதில்ல, எங்க சனங்க ஒருத்தரயொருத்தர் பாத்தா அப்படித்தான் கேப்போம். பிரியத்துக்கு" என்று விளக்கினாளாம். அதைக் கேட்டு டாக்டரம்மாள் சிரித்தார். அவர் சிரித்து அந்த வார்டில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை என்று ஆயா சொன்னாள். டாக்டரம்மாள் அந்த வாக்கியத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஆயாவிடம் கேட்டு, இரண்டு மூன்று தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டாராம்.

புரட்டாசியில் வயிற்றை அறுத்துக் கட்டியை எடுத்தார்கள். அதற்கப்புறம் ஜுரம் கண்டது. அந்த நாட்களில் டாக்டரம்மாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் மட்டும் விடாமல் 'குட் மார்னிங்' சொல்லிக்கொண்டே இருந்தார். ஜுரம் மெல்லத் தணிந்தது. ஆனால் உள்ளே புண் ஆறவில்லை, புரண்டு படுக்கவும் கூடாது என்று கட்டளை. ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. இவருக்கு 'வெரி ஹாட்' பயன்படாமல் போய், 'குட் ரெய்ன்' என்று ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொண்டார்.

"நம்ம பேச்சும் அவங்க பேச்சும் இப்பத்தான் ஒண்ணாச் சேருதுங்க" என்றார் என்னிடம். "ஒருநாளு உக்காந்து பேசுவாங்க, பாருங்க."

*

அவர்கள் உட்கார்ந்து பேசிய நாளில் நான் அங்கே இல்லை. சாயங்காலம் கடை கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஆத்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, நடந்ததையெல்லாம் படுத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தவள், எனக்குச் சொன்னாள்.

மத்தியானம் டாக்டரம்மாள் வேகமில்லாமல் நடந்து வந்தாராம். கையில் தன் வீட்டுச் சமையல்காரர் கொடுத்த சோற்றுத் தட்டு. தாழ்வாரத்துப் பெஞ்சில் இவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆயாவைக் கூப்பிடாமல், தானே ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடித் தமிழில், "மழை நல்லா இருக்கா?" என்று கேட்டார். "பிள்ளைங்க நல்லா இருக்கா?" என்று கேட்டார். அப்புறம், "சாப்பிட்டீங்களா?" என்றார்.

இவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"சாப்பிடுங்க. அப்புறம் பேசலாம்" என்று தட்டை அவர் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாராம்.

"அந்த ஆளு முகம் செத்துப்போச்சு தம்பி" என்றாள் ஆத்தூர் அம்மாள். "ஒரு வார்த்தை பேசல. ஒரு பருக்கை விடாம உண்டாரு. கையக் கழுவிட்டு வந்து, கையக் கட்டிக்கிட்டு அவங்க முன்னால நின்னாரு. சொல்லுங்கங்கிற மாதிரி."

டாக்டரம்மாள் சொல்ல வாயெடுத்த நேரத்தில் ஆயா ஓடி வந்தாள். பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மாள் 'இரு, இரு' என்று கையால் காட்டிவிட்டு ஓடினார்.

இவர் வாசலுக்குப் போய் ஒரு வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு சம்சாரத்தின் கட்டிலுக்கு வந்தார்.

"ஊட்டுக்குப் போலாமா அம்முணி?"

"உட்டுட்டாங்களா?"

"உட்டுட்டாங்க."

"பொய் சொல்லாதீங்க."

"அவங்க எம் பக்கத்துல உக்காந்து பேசுனத நீ பாக்கலியா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டதாம். சீப்புக் கேட்டு வாங்கித் தலை வாரிக்கொண்டாளாம். தலைமாட்டில் இருந்த ஆரஞ்சுப் பழத்தை ஆத்தூர் அம்மாளிடம் கொடுத்து, "சாமி, நீயும் சீக்கிரம் ஊடு வந்து சேரு" என்று சொன்னாளாம். வார்டில் அப்போது ஒரு சின்னப் பெண்தான் காவல். அவள் தடுத்ததற்கு, "டாக்டரம்மா எனக்குச் சொல்லிட்டாங்க தாயி" என்று கும்பிட்டிருக்கிறார். வண்டி வந்தது. வைக்கோலைப் பரப்பி இரண்டு பேராகத் தூக்கி ஏற்றினார்கள்.

அவருக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியில் உயிர் போய்விட்டால், அந்த உடம்பை எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலோடு சரி. மூச்சு இருக்கும்போதே அவளைத் தன் வீட்டு நடையைத் தாண்டி உள்ளே படுக்க வைத்துவிட வேண்டும். குழந்தைகள் அவளை உயிரோடு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மாள் வந்தார். பிரசவ வார்டிலிருந்து நேரே வந்திருந்தார். காலியான கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல் முதலாக இங்கிலீஷ் வந்தது. தப்பும் தவறுமாக, மழையைக் கேட்பதற்கும் சோறு போடுவதற்கும் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று சொல்லி முடித்தேன்.

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். புண் மூடத் தொடங்கிவிட்டது, இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லத்தான் போனேன் என்றார். "நல்ல செய்தி. அதனால்தான் உட்கார்ந்து பேச இன்று எனக்கு நேரம் இருந்தது. அவர் எவ்வளவு நாளாக என்னோடு பேச ஆசைப்பட்டார்! அவருடைய வழியில் பேசினால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்" என்றார்.

பிறகு பையை எடுத்துக்கொண்டு தன் மோட்டாரை நோக்கி ஓடினார். நானும் ஏறிக்கொண்டேன்.

*

ராசிபுரம் ரோடு மழையில் குழம்பிக் கிடந்தது. மல்லூரைத் தாண்டிப் போகும்போது பொழுது மங்கத் தொடங்கியிருந்தது. ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றிருந்தது. மாடுகளை அவிழ்க்கவில்லை. அவர் வண்டிக்குள் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். சம்சாரத்தின் தலை அவர் மடியில். வைக்கோல் சிவந்து நனைந்திருந்தது.

மோட்டாரிலிருந்து இறங்கி டாக்டரம்மாள் ஓடி வருவதைப் பார்த்ததும் மடியிலிருந்த தலையை அசைக்காமல் இரண்டு கைகளையும் குவித்து, "குட் ஈவ்னிங், மேடம்" என்றார்.

டாக்டரம்மாள் வண்டிக்குள் ஏறிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். துணியை வைத்து அமுக்கிக் கட்டினார். அந்த அம்மாளுக்கு இன்னும் மூச்சு இருந்தது, நினைவில்லை. வண்டியை விட்டு இறங்கி என்னிடம், "ஏன் இப்படிச் செய்தார், அவர் வாயாலேயே கேட்டுச் சொல்" என்றார். நான் ஏற்கனவே சொன்னதுதான். இருந்தாலும் கேட்டேன்.

"அவங்க உக்காந்தாங்களே சாமி" என்றார் அவர். "மழையக் கேட்டாங்க. கொழந்தைங்களக் கேட்டாங்க. சோறு போட்டுட்டு, உண்ட பொறவு பேசலாம்னாங்க. இத்தன பேருக்குச் சொல்லியிருக்கறனே, எனக்குத் தெரியாதுங்களா? அவங்க வாயால சொல்லக் கஷ்டப்படறாங்கன்னு, நானே கெளம்பிட்டேன்."

இங்கிலீஷில் சொன்னேன். டாக்டரம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இப்ப என்னங்க சொல்றாங்க?" என்றார் அவர். "மத்தியானம் ஆகாதுன்னு சொல்லத்தான வந்தாங்க? கேளுங்க சாமி. இல்ல நாந்தான் ஏதாச்சும் தப்பா..." மடியிலிருந்த தலையைக் குனிந்து பார்த்தார்.

நான் கேட்டேன். ஒரு நோயாளியிடமும் பூசி மெழுகிப் பேசாதவர் என்று பெயரெடுத்த அந்த அம்மாள், மழையில் நின்றுகொண்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

"அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார் என்று சொல். அதைச் சொல்லத்தான் வந்தேன் என்று சொல். ஆஸ்பத்திரியிலேயே இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று சொல்."

காலியான கட்டிலைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது என் காதில் இன்னும் இருந்தது. அவர் கண்ணைப் பார்த்தேன். "சொல்" என்றார் மறுபடியும்.

"நீங்க புரிஞ்சுக்கிட்டது சரிதானாமுங்க, அண்ணா" என்றேன். "அங்கயே இருந்திருந்தாலும் இதுதானாம்."

அவர் பெருமூச்சு விட்டார். உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது வெளிப்படையாகவே தெரிந்தது. "அதானுங்களே" என்றார். "தாங்க் யூ, மேடம்."

சேலத்துக்குத் திரும்புவதைவிட வெண்ணந்தூர் பக்கம். டாக்டரம்மாள் மோட்டாரின் பின் ஆசனத்தில் அந்த அம்மாளைப் படுக்க வைத்து, மெல்ல ஓட்டிக்கொண்டு போய், வீட்டு வாசலில் நிறுத்தினார். நடையைத் தாண்டித் தறியோரமாகப் பாயில் கிடத்தினோம். குழந்தைகள் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தன. கடைசிக் குழந்தைக்கு அம்மாவின் தலை வாரியிருந்தது அதிசயமாக இருந்தது போலும், அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மூச்சு நின்றது.

பெண்கள் அழத் தொடங்கியதும் டாக்டரம்மாள் எழுந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. போய் மோட்டாரில் உட்கார்ந்துகொண்டார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. "மொறை தெரிஞ்ச பொம்பள" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். மோட்டாருக்குள் அவர் தலையை ஸ்டீயரிங் சக்கரத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு இருந்ததை நான் மட்டுந்தான் பார்த்தேன்.

*

அதற்குப் பிறகும் அவர் கடைக்கு வந்துகொண்டிருந்தார். பேச்சு குறையவில்லை. லாடக்காரர், பொரிகடலைக்காரி, தபால்காரர் எல்லாரையும் விசாரித்துவிட்டுத்தான் வருவார். இங்கிலீஷ் மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆயாவை எப்போதாவது கடைவீதியில் பார்ப்பேன். டாக்டரம்மாள் இப்போதெல்லாம் யார் பக்கத்திலும் உட்காருவதில்லை என்றாள். நல்லதோ கெட்டதோ, வாசற்படியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விடுகிறாராம். சனங்கள் குறைப்படுகிறார்கள், கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள் என்றாள்.

நான் அந்தக் கடையை விட்டு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஆட்டையாம்பட்டித் தறிக்காரர் ஒருவர் கொட்டகையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மகளுக்கு உடம்புக்கு முடியவில்லை. இவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மிசன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பயப்படாதீங்க."

"அந்த வெள்ளைக்காரிங்களா? மொகங்குடுத்தே பேச மாட்டாங்களாமே."

"யாரு சொன்னா? நம்மள மாதிரி மனுசிதானுங்க அவங்க. என்றூட்டுக்காரிக்கு ஆகாதுன்னு ஆனப்ப, எம் பக்கத்துல உக்காந்து, மழையக் கேட்டு, தன் ஊட்டுச் சோத்தக் கொண்டாந்து போட்டு, அப்பறந்தான் சொல்ல வந்தாங்க. பெத்தவ கூட அப்பிடிச் சொல்ல மாட்டா." என் பக்கம் திரும்பினார். புருவத்துப் பஞ்சு மேலேறி இறங்கியது. "ஏனுங்க சாமி, நீங்கதான கூட இருந்தீங்க. நாஞ் சொல்றது நெசந்தானுங்களே?"

ஆட்டையாம்பட்டிக்காரரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நெசந்தானுங்க அண்ணா" என்றேன்.